மாமா கண்ணுக்கு மட்டும் தெரியும் பக்கம்

எந்தக் கம்ப்யூட்டர் மொழி படிக்கலாம் என்று நான் கேட்டது ஒரே ஒருவரிடம். பதில் சொன்னது கடலூர் முழுக்க. பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணைக் கண்டால் நம் ஜனங்களுக்கு நாக்கு அரிக்கும் போலிருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டர் ஞானசேகரன் சார், "சி தாம்மா எல்லாத்துக்கும் தாய். தாயத் தெரியாம புள்ளையத் தூக்குவியா?" என்றார். சென்னையில் வேலை பார்த்த என் தோழி இசைவாணி, "சி எல்லாம் கெழவியாயிடுச்சுடி, ஜாவா படி" என்று போனில் சொன்னாள். அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அங்கிருந்த இன்ஜினியர் ஒருவர், டாட் நெட்டை விட்டால் பிழைப்பே இல்லை என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

நானும் எல்லார் பேச்சையும் கேட்டேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான். உலகத்துக்கு வணக்கம் என்று திரையில் வரவைக்க வேண்டும். சியில் வரவைத்தேன். ஜாவாவில் வரவைத்தேன். டாட் நெட்டிலும் வந்தது. இரண்டாம் பாடத்துக்குப் போவதற்குள் யாராவது வந்து மொழியை மாற்றிவிடுவார்கள். வணக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்ததுதான் மிச்சம், உலகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மரிய அருள் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சிதம்பரம் மேலவீதியில் மாடியில் கல்யாணத் தகவல் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நம்ம கடைக்கு ஒரு வெப்சைட்டு பண்ணிக் குடு. பண்ணிக்கிட்டே கத்துக்கலாம். வூட்ல ஒக்காந்து என்னத்தக் கிழிக்கப் போற?"

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. மாமா கடையில் இரண்டு இருந்தன. வேறென்ன யோசிக்க? தினமும் காலையில் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். சிப்காட்டின் கெமிக்கல் நாற்றம் வந்ததும் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொள்ளும், நானும் பொத்திக்கொள்வேன். மாமா கடையில் எச்டிஎம்எல் பழகினேன். நோட்பேடில் எழுதி, பக்கமாகப் பார்க்கும்போது எழுத்து நிறம் மாறி, படம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தால் எனக்குச் சோறே வேண்டாம். முதல் முறையாக ஒரு மொழியில் இரண்டாம் பாடத்தைத் தாண்டியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதையே கவனிக்கவில்லை. செய்ததெல்லாம் பெண்களின் பக்கங்கள். பெயர், வயது, உயரம், நிறம், பங்குக் கோயில், எதிர்பார்ப்பு.

ஒருநாள் மாமா என் மேஜையில் ஒரு போட்டோவை வைத்தார். பச்சைப் பட்டுப் புடவையில் நான்.

"அக்கா குடுத்து வுட்டுச்சு. ஒன்னுதையும் ஏத்திடு."

"மாமா, நான் வேலைக்குப் போலாம்னு..."

"போயேன், யாரு வேணான்னது? வர்றவங்க வரட்டும், நீ பாட்டுக்குப் படி."

என் பெயரை நானே அடித்தேன். ஜோதி மேரி. நிறம் என்ற இடத்தில் மாமா சொன்னபடி 'சிவப்பு' என்று போட்டேன். நான் மாநிறம். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. அந்த வாரம்தான் பாண்டிச்சேரியில் வெப்சைட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு போன் செய்து கேட்டிருந்தேன். தை கடைசியில் ஆள் எடுக்கிறோம், பிஎச்பி நன்றாகத் தெரிந்தால் பரீட்சைக்கு வாருங்கள் என்றார்கள். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வராமல் இருந்தால் போதும், நான் தப்பித்துவிடுவேன்.

எச்டிஎம்எல்லுக்குப் புத்தி கிடையாது. எழுதியதை எல்லாருக்கும் காட்டும். பிஎச்பி அப்படியில்லை. பார்ப்பது யார் என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி காட்டும். இவராக இருந்தால் இதைக் காட்டு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்று சொல்லலாம். நல்லவேளை, வெப்சைட்டுக்கென்று மாமா வாடகைக்கு எடுத்திருந்த மலிவான இடத்தில் ஓடியதும் அது மட்டும்தான். இனி எந்த மொழி என்று எனக்கு எவனும் சொல்ல வேண்டியதில்லை. மாமாவிடம், "ஒவ்வொரு பக்கமா அடிக்க முடியல மாமா, எல்லாத்தையும் பிஎச்பிக்கு மாத்திடறேன்" என்றேன். "என்னவோ பண்ணு, நல்லாருந்தா சரி" என்றார்.

மாற்றினேன். நடுவில் எனக்கென்று ஒரு நிபந்தனை எழுதினேன். மாமா தன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வந்தால் என் பக்கம் தெரியும். வேறு யார் பார்த்தாலும் எனக்கு முன்னால் இருக்கும் பெண்ணும் எனக்குப் பின்னால் இருக்கும் பெண்ணும் அடுத்தடுத்து வருவார்கள். நடுவில் நான் இருக்கமாட்டேன். வாடிக்கையாளர்கள் பார்க்கும் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். இல்லை. மாமாவின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பச்சைப் பட்டில் இளித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் நிஜமான புரோகிராம் அதுதான். தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. கடையில் எல்லாப் பெண்களுக்கும் போன் வந்தது. எனக்கு வரவில்லை. நான் கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் படித்தேன். கரண்ட் போனால் தாளில் எழுதிப் பார்த்தேன்.

வீட்டில்தான் வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அம்மா ஞானமேரிக்கு நான் ஒரே பெண். முதலில் மாமாவிடம் போனில் விசாரித்தாள். பிறகு போட்டோவைக் குறை சொன்னாள். என்னை மஞ்சக்குப்பம் ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போய் முகத்தில் மாவு அப்பாத குறையாகப் பவுடர் போட்டு இன்னொன்று எடுத்தாள். அதையும் ஏற்றினேன். ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் பட்டினி கிடந்து மாதாவுக்கு நவநாள் செய்ய ஆரம்பித்தாள். ஒருநாள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "காக்காவுக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுங்கற மாதிரி நான்தான் இவள அழகுன்னு நெனச்சுக்கிட்டு கெடக்கறனா?" என்று தனக்குத்தானே கேட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் மாமா கடை போகும். கடையோடு கம்ப்யூட்டர் போகும், கம்ப்யூட்டரோடு பாண்டிச்சேரி போகும். தையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் நிபந்தனையில் ஓட்டை இருந்தது. கத்துக்குட்டி வேலை என்றால் இதுதான். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று யோசித்தவள், பாஸ்வேர்டுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. விருத்தாசலத்தில் ஆணி, பெயிண்ட் விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருந்த சார்லஸ், மாமாவின் சிநேகிதர். சரக்கெடுக்க வரும்போதெல்லாம் மாமாவின் நாற்காலியை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு டீ குடிப்பார். நாற்பதை நெருங்கிவிட்டார், கல்யாணம் ஆகவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் மறைத்த என்னை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவர் ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் மாமா வீட்டுக்கு வந்து, சார்லஸ் என்னைக் கேட்பதாகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அப்பா செபாஸ்டின் சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவர். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"இத்தினி மாசத்துல ஒருத்தராவது கேட்டாங்களா, நீயே சொல்லு. கேட்டவர் இவரு ஒருத்தர்தான். நல்ல மனுசன். குடி கெடையாது. இதையும் வுட்டுட்டு ஒக்காந்திருந்தா?"

நான் எழுதிய நிபந்தனை எனக்கே எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா என்னையே பார்த்தாள். பிறகு, "மாதா அனுப்பி வச்ச ஆளுன்னு நெனச்சுக்கோ" என்றாள்.

சார்லஸ் பெண் பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு ரொம்ப சவுரியம். கடையில பில்லு போட ஆளு நிக்க மாட்டேங்கறான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தன. சர்ச்சில் பங்குச் சாமியார் எங்களைக் கூப்பிட்டு, "சம்மதமாம்மா?" என்று கேட்டார். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மாமா. தலையை ஆட்டினேன். பொங்கலுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் முதலாவதை வாசித்தார்கள். கடலூர் செபாஸ்டின், ஞானமேரி இவர்களின் மகள் ஜோதி மேரிக்கும், விருத்தாசலம் சார்லஸுக்கும். இவர்களுக்குள் ஏதாவது தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஒளித்து வைத்த பெயர் கோயில் ஸ்பீக்கரில் தெருக்கோடிவரை கேட்டது. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. மூன்றாவதும் வாசித்துவிட்டால் தாலிதான் பாக்கி.

இரண்டாம் ஓலைக்குப் பிறகு சேலை எடுக்க அம்மாவோடு சிதம்பரம் போனேன். மாமா எங்களைக் கடையில் உட்காரவைத்துவிட்டு டீ சொல்லக் கீழே இறங்கினார். அவர் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது.

"ம்மா, இங்க பாரு."

என் பக்கத்தைக் காட்டினேன். பிறகு அம்மாவைக் கையைப் பிடித்து அடுத்த கம்ப்யூட்டருக்கு இழுத்துப்போய் அதே வெப்சைட்டைத் திறந்து, ஒவ்வொரு பெண்ணாகத் தள்ளினேன். கடைசிவரைக்கும் தள்ளினேன்.

"எங்கடி ஒன்னைக் காணோம்?"

"இதுலதான் எல்லாரும் பாப்பாங்க. இதுல நான் எப்பவுமே இல்லம்மா. நான்தான் எடுத்தேன்."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அறையப்போகிறாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்ப... என் பொண்ண யாரும் வேணாங்கலையா?"

"யாரும் பாக்கவே இல்லம்மா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. அந்த முகத்தை நான் மாதக்கணக்காகப் பார்த்திருக்கவில்லை. நானும் அழுதேன். "எனக்கு இஷ்டமில்லம்மா. பாண்டிச்சேரி பரீட்சைக்கு நான் போவணும்மா. நீ அப்பாகிட்ட சொல்லு."

படியில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது.

"பாவி, பாவி. என்னைப் பட்டினி போட்டியேடி," என்று பல்லைக் கடித்தாள். "ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இப்ப வந்து சொல்ற. வாய மூடிக்கிட்டு வா."

சேலைக் கடையில் அவளே அரக்கு நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். என்னிடம் கேட்கக்கூட இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்தாள். கடைசிக் கதவும் சாத்தியாயிற்று என்று நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை நவநாளுக்கென்று கோயிலுக்குப் போனவள் பொழுது சாய்ந்துதான் வந்தாள். அப்பா ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "சாமியாருக்கு ஜோலி ஜாஸ்தி, காத்துக்கெடந்தேன்" என்றாள்.

மூன்றாம் ஞாயிறு. ஆண்கள் பக்கம் அப்பாவும் மாமாவும், மாமாவுக்குப் பக்கத்தில் சார்லஸ் புதுச்சட்டையில். பெண்கள் பக்கம் நானும் அம்மாவும். பூசை முடிந்து சாமியார் மைக்குக்கு வந்து தாளை விரித்தார். ஒரு ஜோடியின் பெயரை வாசித்தார். இன்னொரு ஜோடியை வாசித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு காலை பத்து மணிக்கு நடைபெறும்..."

கண்ணைத் திறந்தேன். ஆண்கள் பக்கம் தலைகள் திரும்பின. மாமா பாதி எழுந்து அப்பாவிடம் ஏதோ கேட்க, அப்பா கையை விரித்தார். சார்லஸ் ஒன்றும் புரியாமல் சாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் இருந்த பெயரும் வந்தது, பின்னால் வரவேண்டியதும் வந்தது. நடுவில் நான் இல்லை.

நான் மெல்ல அம்மா பக்கம் திரும்பினேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே போனதும் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"ம்மா," என்றேன்.

"முன்னால பாத்து ஒக்காருடி," என்றாள்.