சாக்லேட்டில் தோய்த்த தயிர்

“ஏண்டி விசாலாக்ஷி, பையாவோட எருமை உங்காத்துக்கு மட்டும் கறக்க மாட்டேங்கறதா?”

மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் குழாயடியில் அகிலாண்டம் இப்படிக் கேட்டதும், விசாலாக்ஷி குடத்தை நகர்த்தி வைத்தாள். பால்காரப் பையா ஒரு மாதமாக இரண்டாம் மாடியில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு, அவள் கதவை மட்டும் தாண்டிப் போவதை எதிர்வீட்டு அகிலாண்டம் கவனித்திருந்தாள். அவள் கவனிக்காதது என்று அந்தக் கட்டடத்தில் எதுவும் கிடையாது.

“எருமை மேல தப்பில்லை மாமி. எங்காத்துல இப்போ பால் மரப்பெட்டியில வரது,” என்றாள் விசாலாக்ஷி.

அது பொய்யில்லை. யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பட்டாளத்தில் மிஞ்சிய சாமான்களைப் பம்பாயில் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தியுள்ளவர்கள் கம்பளி வாங்கினார்கள், பூட்ஸ் வாங்கினார்கள். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவர் சுந்தரராமன் ஒரு பெட்டி பால் சாக்லேட் வாங்கிவந்தார். ஒவ்வொரு கட்டியின் காகிதத்திலும் ஒரு கொழுத்த பசுவின் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘பாலின் முழு பலமும் இதனுள்ளே’ என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

இங்கிலீஷில் அச்சாகிவிட்ட எதையும் சுந்தரராமன் சந்தேகித்தது கிடையாது. மறுநாளே பையாவை வாசலில் நிறுத்திவைத்துப் பேசினார்.

“தேக்கோ பையா, துமாரா தூத்மே பானி ஹை. ஹமாரா சாக்லேட்மே ஒரு சொட்டு பானி நஹி!”

பாலில் தண்ணீர் இருப்பதைப் பையாவால் மறுக்க முடியவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டான்.

அன்று முதல் ஆறு வயது ஷ்யாமளாவுக்குக் காலையில் பாலுக்குப் பதில் ஒரு கட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கட்டி, படுக்கப் போகும்போது ஒரு கட்டி. தயிருக்கு வழியில்லாததால் பெரியவர்கள் ரசத்தோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டார்கள். முதல் வாரம் குழந்தைக்குத் தீபாவளியாக இருந்தது. இரண்டாம் வாரம் சாதத் தட்டைத் தள்ளினாள்.

“நேக்குப் பசிக்கலை. பால் தின்னாச்சு.”

மூன்றாம் வாரம் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. நான்காம் வாரம் கடைவாய்ப் பல் வலித்து, வலது கன்னம் பூரி மாதிரி உப்பிக்கொண்டது.

“ஏன்னா, குழந்தை துரும்பாப் போயிண்டிருக்கா. பையாவைத் திரும்பக் கூப்பிடுங்கோளேன்.”

“துரும்பாவது! கன்னத்தைப் பார், எப்படிப் பூரிச்சிருக்கு!”

“அது வீக்கம்னா!”

“இதைத் தின்னுட்டுதான் வெள்ளைக்காரச் சிப்பாய் ஜெர்மன்காரனை ஜெயிச்சான். பால்ல இருக்கறதெல்லாம் இதுல இருக்கு. இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்.”

இந்த வீட்டில் எப்படியாவது பாலை மறுபடி வரவழைத்தாக வேண்டும் என்ற ஒன்றுதான் விசாலாக்ஷியின் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுந்தரராமன் தன் ஹெட் கிளார்க் வேங்கடசுப்ரமணியனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்தார். அவர் பாலக்காட்டுக்காரர், நல்ல ஆகிருதி. குழம்புச் சாதத்தையும் ரசச் சாதத்தையும் வழியில் வரும் ஸ்டேஷன்களாக மட்டுமே மதிப்பவர். அவர் வண்டி நின்று இளைப்பாறும் இடம் தயிர்ச் சாதம்.

“சனிக்கிழமையே தோய்ச்சு வைக்கணும். தயிருக்கு என்ன பண்ணட்டும்?” என்று கேட்டாள் விசாலாக்ஷி.

சுந்தரராமன் விழித்தார். பையாவைக் கூப்பிட்டால் ஒரு மாதப் பிரசங்கமும் வீணாகிவிடும்.

“நீங்கதான் சொன்னேளே, பால்ல இருக்கறதெல்லாம் இதுல இருக்குன்னு. அப்போ இதுலயே தோய்ச்சுடட்டுமா?” அவள் முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

வேண்டாம் என்று சொன்னால் சாக்லேட் பாலில்லை என்றாகிவிடும். “பேஷா தோய். நாலு கட்டியாப் போடு, கெட்டியா வரும்,” என்றார் அவர்.

அவள் அப்படியே செய்தாள். நாலு கட்டியை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, அகிலாண்டத்திடம் ஒரு கரண்டி மோர் வாங்கி உறை குத்தி, கல்சட்டியில் மூடி வைத்தாள்.

ஞாயிறன்று ஹெட் கிளார்க் ரசச் சாதம் முடித்து, இலையில் வெள்ளைச் சாதத்தைக் குவித்து நடுவில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தார். விசாலாக்ஷி கல்சட்டியைக் கொண்டுவந்தாள். மேலே நெய் மாதிரிக் கொழுப்பு படர்ந்திருந்தது. அடியில் சேறு. நடுவில் காவேரிப் புதுவெள்ளம். அதில் ஒரு கரண்டி எடுத்துக் குழியில் விட்டாள்.

ஹெட் கிளார்க் இலையைப் பார்த்தார். பிறகு விசாலாக்ஷியைப் பார்த்தார். வடுமாங்காய் ஒன்றை எடுத்துக் கடித்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டு, ஒரு கவளம் வாயில் போட்டார். அது வெகுநேரம் வாயிலேயே இருந்தது.

“சுந்தரராமன், இது என்ன ஓய்? பாயசமா, பஞ்சகவ்யமா?”

“தயிர் சார். பால் சாக்லேட்டுல தோய்ச்சது. முழுப் பலமும் இருக்குன்னு காகிதத்துலயே போட்டிருக்கு...”

“கொண்டாரும் அந்தக் காகிதத்தை.” காகிதம் வந்தது. ஹெட் கிளார்க் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினார். “பசுவுக்குப் பின்பக்கம் பொடி எழுத்துல என்னமோ இருக்கே, அதை வாசியும்.”

சுந்தரராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். “சர்க்கரை...”

“உம்.”

“கொக்கோ வெண்ணெய்...”

“பால் எங்க ஓய்?”

“மூணாவதா... பால் பொடி.”

“மூணாவதா வரவனுக்கா மொதல் மாலையைப் போட்டீர்? எது ஜாஸ்தியோ அதைத்தான் முன்னாடி போடுவான். பாதி சர்க்கரை, மிச்சத்துல பெரும்பாலும் கொழுப்பு. நாள் பூரா நடக்கற சிப்பாய்க்கு அவசரத்துக்கு ஆகும். ஆத்துல உக்காந்து சாப்பிடறவாளுக்கு எதுக்கு?”

அப்போது, உள்ளே படுத்திருந்த ஷ்யாமளா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, குவித்திருந்த சாதத்தைப் பார்த்தாள். “அம்மா, நேக்குத் தயிர்ச் சாதம். மெல்லாம முழுங்கறேன்.”

ஒரு மாதத்தில் அவளாகச் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. விசாலாக்ஷி இருந்த அந்தத் தயிரிலேயே அவசரமாகக் கொஞ்சம் பிசைந்து கொடுத்தாள். குழந்தை ஒரு வாய் வாங்கி, உடனே துப்பினாள். “இது இல்லை. வெள்ளையா இருக்குமே, அது!” என்று விசும்பத் தொடங்கினாள்.

விசாலாக்ஷி கரண்டியைக் கீழே வைத்தாள். கேலியாகத் தொடங்கிய காரியம் அங்கேயே முடிந்துபோயிற்று.

“ஏன்னா, பெரிய எழுத்து விக்கறவன் தனக்காகப் போட்டுக்கறது. பொடி எழுத்துதான் திங்கறவாளுக்கு. மிட்டாய் மிட்டாய்தான். என்னிக்காவது ஒரு துண்டு குடுத்தா சந்தோஷம். பசு படம் போட்டிருக்குன்னு அதைப் பால்னும் சாப்பாடுன்னும் நம்பிக் குடுத்தா, குழந்தைக்குப் பசியும் போயிடும், பல்லும் போயிடும்.”

சுந்தரராமன் காகிதத்தைக் கீழே வைத்தார். மகளின் வீங்கிய கன்னத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். எழுந்து கை அலம்பினார். ஆணியில் தொங்கிய தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஹெட் கிளார்க் இன்னும் இலையில் உட்கார்ந்திருப்பதைக்கூட மறந்து, பையாவின் எருமைத் தொழுவம் இருந்த பக்கமாகப் படியிறங்கிப் போனார்.