பாயொட்டிச் சம்பல்

சம்பலுக்கு ஒரு கதை வேண்டும் என்றான் டிலக்சன். கூனி இறாலும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் எண்ணெயில் வதங்கி, தேசிக்காய்ப் புளியோடு போத்தலுக்குள் போகிற ஒரு சாமானுக்கு என்ன கதை வேண்டிக்கிடக்கிறது? நாவற்குடாவில் என் வீட்டுக் குசினியில் நான் செய்வதைக் கடைக்காரர்கள் 'கேதீஸ்வரியக்காட சம்பல்' என்று வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் மட்டக்களப்பைத் தாண்டி ஒரு போத்தல் போகவில்லை. அதற்காகத்தான் ரவுணில் விளம்பர வீடியோ செய்கிற இவனிடம் போனேன்.

"அன்ரி, உங்கட பேர் ஆருக்குத் தெரியும்? மட்டக்களப்பார் பாயோட ஒட்டிப்போடுவாங்க எண்டது எல்லாருக்கும் தெரியும். அதையே பேரா வைப்பம்."

எங்கள் பக்கம் வந்தவன் திரும்பிப் போகமாட்டான், சோற்றில் மருந்து போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது வெளியூர்க்காரர் காலம் காலமாகச் சொல்லும் கதை. மருந்துமில்லை மண்ணாங்கட்டியுமில்லை, வந்தவனை விழுந்து விழுந்து கவனிக்கிறோம், அவன் போக மனமில்லாமல் இருந்துவிடுகிறான் என்று நாங்கள் சொல்வோம். யார் கேட்டது? சரி, எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கே சம்பலை விற்றால் என்ன என்று எனக்கும் பட்டது.

அப்படித்தான் 'பாயொட்டிச் சம்பல்' வந்தது. போத்தலில் ஒரு பாய், அதில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒட்டிக்கிடக்கும் ஒரு மனுசன். வீடியோவில் நான் சிவப்புச் சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்து, தாச்சியைக் கிண்டிக்கொண்டே கடைசியில் கண்ணடிக்க வேண்டும். இந்த வயதில் கண்ணடிப்பா என்று வெட்கமாக இருந்தது. சரியாக வரும்வரைக்கும் அவன் விடவில்லை.

சம்பல் பறந்தது. கொழும்பு, யாழ்ப்பாணம், கனடா என்று போத்தல் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் போனுக்கு வந்த கேள்விகள் எனக்குப் பிடிக்கவில்லை. 'அக்கா, இது மெய்யா வேலை செய்யுமா? எங்கட அவர் இப்ப வீட்டில தங்குறாரில்ல.' ஒருத்தி ஓட்டோ பிடித்து வீட்டுக்கே வந்து, கடைக்குக் கொடுக்காமல் உள்ளுக்கு ஒளித்து வைத்திருக்கும் 'அந்த'ச் சம்பலைத் தரச்சொல்லி நின்றாள்.

"என்ன பதில் சொல்ற?" என்று டிலக்சனிடம் கேட்டேன்.

"ஒண்டும் சொல்லாதீங்க. ஓம் எண்டும் வேணாம், இல்ல எண்டும் வேணாம். ஒரு சிரிச்ச மூஞ்சி அனுப்புங்க, காணும்."

நானும் அனுப்பினேன். சந்தேகம்தான் சரக்கை விற்கிறது என்று எனக்கும் விளங்கத்தான் செய்தது.

சந்தேகம் கனடாவில் இருந்தால் நல்லதுதான். பக்கத்து வீட்டுக்கு வந்தால்தான் தெரியும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு. நேர்த்திக்குப் பொங்கி, வழக்கம்போலப் பக்கத்து வீட்டுச் சீதேவிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் வேலி ஓட்டையால் பார்க்கிறேன், கோழிக்குக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மனுக்குப் படைத்த பொங்கலை! அந்தக் கோழிகள் ஒன்றும் என் வளவுக்குள் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. அதற்குப் பிறகு தெருவில் யார் சிரித்தாலும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன், மகள் அஜந்தாவின் கலியாணம் இல்லாவிட்டால். கல்லடியில் அவள் வேலை செய்யும் வங்கிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவன் உதயரூபன். கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கிடந்த பிள்ளைக்கு அவள்தான் நான் கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பார்சலில் பாதி கொடுத்தாள். அப்படிப் பழகி, விருப்பமாகி, எங்களுக்கும் சம்மதம். அவன் தாய் வந்து பார்த்து ஓம் சொல்வதுதான் பாக்கி.

தாய் வந்தா. கையில் சுடுதண்ணிப் போத்தலும் பிஸ்கற் பக்கற்றும். நண்டுக்கறி, இறால் பொரியல், கட்டித் தயிர் என்று மேசை நிறைய வைத்திருந்தேன்.

"இல்லைத் தங்கச்சி, வழியில சாப்பிட்டிட்டன்."

"ஒரு தேத்தண்ணியாவது குடிங்களன்."

"வேண்டாம், தண்ணி கொண்டந்தனான்."

சொந்தத் தண்ணீரை என் கதிரையில் இருந்து குடித்துவிட்டு, போனை எடுத்து நீட்டினா. சிவப்புச் சேலையில் நான் கண்ணடித்தேன்.

"இது நீங்கள்தானே?"

"ஓம். அது சும்மா விளம்பரத்துக்கு..."

"என்ர பிள்ளை தீபாவளிக்கும் வீட்டை வரேல்லை. லீவு இல்லையாம். பாங்க் பூட்டித்தானே கிடந்தது? அவனுக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்?"

"சோறுதான் குடுத்த! வேறென்ன குடுக்கிற?"

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அஜந்தா தலையைக் குனிந்துகொண்டாள். உண்மை தெரியாமல் தன்னால் சம்மதிக்க முடியாது என்று சொல்லிவிட்டு அந்த மனுசி போய்விட்டா.

அன்றைக்கே முடிவெடுத்தேன். டிலக்சனை நம்பவில்லை, கேட்டால் ஏதாவது சொல்லித் தடுப்பான். என் புருசன் சாமித்தம்பியைப் போனில் வீடியோ பிடிக்கச் சொன்னேன்.

"இல்லாதத இல்ல எண்டு சொல்லப்போனா இருக்கு எண்டுதான் நினைப்பாங்க. விடு," என்றார்.

நான் கேட்டால்தானே! பொட்டைச் சிறிதாக்கி, வீட்டுச் சட்டையோடு நின்று, கூனியைக் காட்டினேன், மிளகாயைக் காட்டினேன், ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டேன். "இதில மருந்தும் இல்ல, மந்திரமும் இல்ல. நம்புங்க," என்று கும்பிட்டேன். கும்பிட்ட கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முதல் வீடியோவைவிட இதைத்தான் சனம் விழுந்தடித்துப் பார்த்தது. 'மடியில கனமில்லாட்டி ஏன் இந்தப் பதற்றம்?' என்று ஒருவன் எழுதியிருந்தான். 'அழுற மாதிரி நடிக்கிறா, கண்ணப் பாருங்க' என்று இன்னொருத்தி. போத்தல் முன்னையதைவிடக் கூடப் போனது. டிலக்சன் போன் எடுத்துத் துள்ளினான்.

"அன்ரி, இப்பிடி ஒரு விளம்பரம் என்னால செய்ய ஏலாது! ஆர் சொல்லித் தந்த?"

அந்தக் கருத்துகளில் பாதியை இவனே எழுதியிருப்பானோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம். கேட்டேன். சிரித்தான், ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

உதயரூபன் நல்ல பிள்ளை. தாயோடு சண்டை பிடித்துச் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவதாகச் சொன்னான். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. விடியவே இறாலை உரிக்க உட்கார்ந்தேன். அஜந்தா வந்து கத்தியை வாங்கினாள்.

"அம்மா, இண்டைக்கு நான் சமைக்கிறன். நீங்க குசினிக்குள்ள வராதீங்க."

வருகிறவனுக்குத் தன் கைப்பக்குவத்தைக் காட்ட ஆசைப்படுகிறாள் என்று சிரித்தேன். "உப்பையாவது பார்க்கிறன் புள்ள."

"வேணாம். ஒண்டையும் தொடாதீங்க."

"மாப்பிள்ளையிட அம்மா சொன்னதா?"

"இல்ல."

"பிறகு?"

அவள் இறாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியோணும் அம்மா. அவர் என்னையத்தான் விரும்பினவரா எண்டு."

கை ஓங்கத்தான் வந்தது. அடிக்க முடியவில்லை. என் சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளை. "நான் ஒண்டும் போடல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். கும்பிட்டுச் சொன்ன வீடியோவையே அவளும் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? எழும்பிப் போய் முன் விறாந்தையில் இருந்தேன். என் வீட்டில் சமையல் நடக்க நான் வெளியில் இருந்தது அன்றைக்குத்தான்.

உதயரூபன் வந்தான், கை கழுவி மேசையில் இருந்தான். அஜந்தா சோறு போட்டாள், இறால் கறி விட்டாள், ஒரு பக்கத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டான், நல்லாயிருக்கு என்றான், இன்னொரு வாய் பிசைந்தான். பிறகு மேசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, விறாந்தைப் பக்கம் திரும்பி என்னிடம் கேட்டான்.

"மாமி, உங்கட சம்பல் இல்லையே?"

அஜந்தாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.