நான்காவது மின்னஞ்சல்

கிழக்கு வெளுக்கும் முன்பே தீவன மில்லின் தூசி கிளம்பிவிடும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் அரைபடும் வாடை, பரமத்தி வேலூர் ரோட்டில் பஸ் வளையும்போதே மூக்கில் ஏறும். நாங்கள் இறங்கிப் புடவைமேல் ஆண்சட்டையை மாட்டி, வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். குழாயிலிருந்து சுடச்சுடச் சாக்கில் தீவனம் கொட்டும். நிறைந்த மூட்டையை இடுப்பால் முட்டித் தள்ளி, வாயை மடித்து, தையல் மெஷினுக்குள் கொடுக்கவேண்டும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த மூட்டை வந்து இடிக்கும். கோழிகளுக்குப் பசி தாங்காது என்று சூபர்வைசர் சொல்வார். எங்கள் இடுப்பைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

என் பெயர் பிரபா. மூட்டை தைப்பவள். சங்கக் கமிட்டியிலும் இருக்கிறேன்.

எங்களோடு வேலை பார்த்த செல்லமுத்து செத்தது ஐப்பசி மழையில். மக்காச்சோளம் கொட்டிவைக்கும் சைலோ, மூன்று மாடி உயரத் தகர உருளை. அடியில் ஸ்குரூ என்கிற நீளத் திருகுத்தண்டு சுழன்று தானியத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் மேலே சோளம் பாளமாக இறுகிவிடும். அடியில் இழுபட இழுபட உள்ளே குழி விழும். மேலிருந்து பார்த்தால் தரை மாதிரித்தான் தெரியும். ஆள் இறங்கிக் கடப்பாரையால் பாளத்தை உடைக்கவேண்டும். செல்லமுத்து உடைத்தார். பாளம் விட்டது. கீழே ஸ்குரூ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சோளம் அவரைத் தண்ணீரைப்போல உள்ளே இழுத்துக்கொண்டது.

தீயணைப்புக்காரர்கள் வந்து தகரத்தை வெட்டித் திறந்தார்கள். சோளம் மலையாகச் சரிந்தது. மதியச் சாப்பாட்டுச் சங்கு ஊதி வெகுநேரம் கழித்துத்தான் அந்த மலையோடு அவரும் வெளியே வந்தார்.

அன்றைக்கே கம்பெனி சொல்லிவிட்டது: குடித்துவிட்டு, அனுமதியில்லாமல் தானாக இறங்கினார் என்று. ஆஸ்பத்திரியின் ரசாயனப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் ஊர் நம்பிவிட்டது. குற்றம் முழுவதும் செத்தவர் தலையில் ஏறியது.

ஒரு மாதம் போனபின், அறியாத எண்ணிலிருந்து என் போனுக்கு மூன்று படங்கள் வந்தன. எல்லாம் கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்தவை. மேலே எங்கள் கம்பெனியின் பெயர், செயல் இயக்குநர் நவநீதகிருஷ்ணனின் மின்னஞ்சல் முகவரி. திருப்பி அழைத்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சங்க ஆபீஸ் என்பது சலூன் மாடியில் ஒரே அறை. லோடுமேன் காளியண்ணன் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாதியில் நிறுத்தினார். நாங்கள் நாமக்கல்லுக்குப் போய் வக்கீல் மைதிலியைப் பார்த்தோம். அவர் தமிழில் வாசித்தார்.

முதலாவது, விபத்துக்கு முந்தைய மாதம் மில் எஞ்சினியர் சிவக்குமாருக்கு எழுதியது. 'ஒவ்வொரு தடவையும் ஸ்குரூவை நிறுத்தினால் உற்பத்தி கெடுகிறது. ஓடவிட்டே ஆளை இறக்கிப் பாளத்தை உடைக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடவேண்டாம்.'

இரண்டாவதில், இடுப்புப் பெல்ட்டும் கயிறும் வெளியே ஒரு காவலாளும் வேண்டும் என்று சிவக்குமார் கேட்டதற்குப் பதில். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்.'

மூன்றாவது, விபத்து நடந்த அன்று சிவக்குமாருக்கே அனுப்பியது. 'ஆள் குடித்திருந்தான் என்று எல்லா சூபர்வைசர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரே மாதிரிப் பேசவேண்டும்.'

மூன்றாவதைக் கேட்டதும் காளியண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "நாளைக்கே இதை எழுதி கேட்ல போர்டு கட்டீர்லாமுங்க!"

"உக்காருங்க" என்றார் வக்கீல். "இது படம். இந்த மாதிரிப் படத்தை என்ற மகள்கூடச் செஞ்சு குடுத்துருவா. நீங்க போர்டு கட்டுன மறுநாள், பொய் மெயில் பரப்புனதா உங்க மேலயே கேஸ் வரும். செல்லமுத்து கேஸும் அதோட சேர்ந்து அமுங்கிப்போகும்."

"பின்ன நெசம்னு எப்படீங்க தெரியும்?" என்றேன்.

"மெயிலு கம்பெனியை விட்டுக் கெளம்பும்போது அதுமேல ஒரு முத்திரை விழும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு எழுத்தை மாத்துனாலும் முத்திரை பொருந்தாது. ஆனா அது படத்துல இருக்காது, மூல மெயிலுலதான் இருக்கும். அனுப்புனவங்களை அதையே கேளுங்க."

மூல மெயில்களைச் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி அந்த எண்ணுக்கே செய்தி போட்டுவிட்டுக் காத்திருந்தோம். யார் அனுப்பியிருப்பார்கள் என்று மில்லில் ஆளாளுக்கு ஊகித்தார்கள். ஊகிக்கவேண்டாம் என்று கமிட்டியில் முடிவு செய்தோம். பெயர் நம் வாயில் வந்தால், மறுநாள் அது மேனேஜர் மேசையில் இருக்கும்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் நான்காவது வந்தது. அது எனக்கு வரவில்லை. எங்கள் தொழிலாளர் வாட்ஸ்அப் குழுவில், வேறு எண்ணிலிருந்து படமாக விழுந்தது. அதே நவநீதகிருஷ்ணன் பெயர், செல்லமுத்து செத்த மறுநாள் தேதி. அதன் அர்த்தத்தை யாரோ அடியில் தமிழில் எழுதியும் இருந்தார்கள்: 'இந்த நாய்களில் ஒன்று செத்தால் பத்து வரும். அவன் பெண்டாட்டி லேபர் ஆபீசுக்குப் போய் என்ன கிழித்துவிடப்போகிறாள்?'

மில் கொதித்தது. பெண்கள் தையல் மெஷினை விட்டு எழுந்து அழுதார்கள். மூட்டை தூக்குபவர்கள் கொக்கியைத் தரையில் எறிந்தார்கள். மற்ற மூன்றையும் எல்லோரும் மறந்தே போனார்கள். அது பொய்யாக இருக்கக்கூடாதே என்று நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொள்கிற மனசுக்கு உண்மையைச் சோதிக்கிற கண் இருக்காது.

சங்கத்தின் மின்னஞ்சலுக்கு அந்த வாரக் கடைசியில் மூன்று கோப்புகள் வந்தன. முதல் மூன்று மின்னஞ்சல்கள் மட்டும், முழுதாக. நான்காவது அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சலூன் மாடியில் கூடினோம். வக்கீல் தன் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்டினார். மூன்றிலும் முத்திரை பொருந்தியது. "இது அவரு பெட்டியில இருந்துதான் போயிருக்குது. நடுவுல யாரும் திருத்தலை. ஆனா ஒண்ணு, தட்டுன விரலு அவரோடதுதானான்னு முத்திரை சொல்லாது. நாளைக்கு அவரு, 'என்ற பாஸ்வேர்டைத் திருடிட்டாங்க'ம்பாரு."

"மூணாவது எத்தனை மணிக்குப் போயிருக்குதுங்க?" என்று காளியண்ணன் கேட்டார்.

"காலைல பத்தே முக்காலுக்கு."

பத்தே முக்காலுக்குத் தீயணைப்பு வண்டியே வந்து சேரவில்லை.

"ஆளு இன்னும் சோளத்துக்குள்ள கெடக்குறாரு" என்றார் காளியண்ணன், யாரையும் பார்க்காமல். "உசுரு இருக்குதா இல்லையான்னுகூடத் தெரியலை. அதுக்குள்ள இவங்களுக்குச் சாராய வாசம் அடிச்சுப்போட்டுதா?"

தகரத்தை வெட்டிக்கொண்டிருந்தபோதே கேட்டில் நின்ற சூபர்வைசர் 'குடிகாரப்பய' என்று சொன்னதை எங்களில் பலர் காதால் கேட்டிருந்தோம். அன்று அது ஏதோ வாய்க்கொழுப்பு என்று நினைத்தோம். அது உத்தரவு.

"நாலாவதையும் சேர்த்துக்கலாமுங்க" என்றார் காளியண்ணன். "அதைப் படிச்சாத்தான் சனம் திரளும்."

"அதுக்கு மூலம் வரலீங்க. வெறும் படம்" என்றேன்.

"பொய்யாவே இருக்கட்டுமே! அவன் நெனைக்கிறது அதுதானே?"

பலர் தலையாட்டினார்கள். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த பாப்பாயி பேசினார். செல்லமுத்துவின் மனைவி. அதுவரை கூட்டங்களுக்கு வந்தும் வாய் திறக்காதவர்.

"அதுல என்ன தேதி போட்டிருக்குதுன்னீங்க?"

"அவரு போன மறுநாளுங்க."

"மறுநாளு நான் எங்கீங்க லேபர் ஆபீஸ் போனேன்? எனக்கு அது எந்தத் திசையில இருக்குதுன்னுகூட அன்னிக்குத் தெரியாது. காரியமெல்லாம் முடிஞ்சு, பிரபாதான் கூட்டிட்டுப் போச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கூட்டுக்காரரு குடிப்பாருங்க. இல்லீங்கல. ஞாயித்துக்கெழமை குடிப்பாரு, என்னை வையவும் செய்வாரு. அன்னிக்குக் குடிக்கல. நெசத்துல ஒரு துண்டை ஒடைச்சுத்தான் அவரு மேல பொய்யக் கட்டுனாங்க. நாமளும் அதையே பண்ணுனா, அப்புறம் நான் சொல்றதை எவன் நம்புவான்?"

காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "அந்தப் படத்தைக் குரூப்ல இருந்து அழிச்சுருங்க" என்றார். மூட்டையை இறக்கி வைப்பவரைப்போல அவருக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் நவநீதகிருஷ்ணனின் அறையில் நின்றோம். நாற்காலிகள் இருந்தன, உட்காரச் சொல்லவில்லை. சிவக்குமார் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் கோரிக்கையைக் காளியண்ணன் சொன்னார். ஸ்குரூ ஓடும்போது யாரும் சைலோவில் இறங்கமாட்டோம். செல்லமுத்து குடித்திருந்தார் என்ற பேச்சைக் கம்பெனி எழுத்தில் திரும்பப் பெறவேண்டும். மின்னஞ்சல்களைப் போலீஸும் தொழிற்சாலை ஆய்வாளரும் விசாரிக்கவேண்டும்.

நவநீதகிருஷ்ணன் சிரித்தார். இழுப்பறையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்து மேசைமேல் போட்டார். "சென்னையில லேப்ல குடுத்து ரிப்போர்ட் வாங்கி வெச்சிருக்கேன். அது போலி மெயில். சின்னக் கொழந்தைகூடக் கண்டுபிடிச்சுரும். செத்த மறுநாளே அந்தப் பொம்பள லேபர் ஆபீஸ் போயிட்டாளா? உங்களை நாய்னு நான் எழுதுவேனா?"

"எந்த மெயிலுங்க சார்?" என்றேன்.

"அதான், நீங்க கொண்டாந்திருக்கறது."

"நாங்க கொண்டாந்தது மூணுங்க. இதுல நாயே இல்லீங்களே."

அவர் கை தாளின் மேலேயே நின்றது. எங்கள் குழுவிலிருந்து யாரோ அவருக்குக் காட்டியிருக்கலாம். அவர் ஆட்களே செய்து அனுப்பியதாகவும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வருவோம் என்று காத்திருந்தார் என்பது மட்டும் அந்த முகத்தில் தெரிந்தது.

மூன்று தாள்களையும் அவர்முன் வைத்தேன். படித்தார். தாள்களைத் தள்ளிவைத்தார்.

"இதுவும் போலிதான். என் மெயிலை ஹேக் பண்ணிட்டாங்க."

"ஆள் சோளத்துக்குள்ள இருக்கும்போதே, குடிச்சிருந்தாருன்னு ஹேக் பண்ணுனவனுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?" என்றார் காளியண்ணன். "ஹேக் பண்ணுனவன் சொன்னதை உங்க சூபர்வைசரு எப்படிக் கேட்டாரு?"

நவநீதகிருஷ்ணன் ஓரத்துக்குத் திரும்பினார். "சிவக்குமார், இப்படி ஒரு மெயில் உங்களுக்கு வந்துச்சா?"

பெல்ட்டும் கயிறும் கேட்டு எழுதிய மனிதர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டுக்கடன் இருந்தது, எல்லோருக்கும் தெரியும். "ஞாபகம் இல்லீங்க சார்" என்றார். அந்தக் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

பொழுது சாய்வதற்குள் எனக்கும் காளியண்ணனுக்கும் சஸ்பென்ஷன். கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த சண்முகப்பிரியாவுக்கு வேலையே போனது. மின்னஞ்சல்களைத் திருடினாள் என்று. அவள்தானா என்று எங்களுக்குத் தெரியாது. ஆபீஸ்காரர்கள் எங்கள் பக்கம் வருவதில்லை; தீவனத் தூசி உடுப்பில் ஒட்டும் என்று கண்ணாடிக் கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள். அந்தக் கதவைத் தாண்டி அவள் கைப்பையோடு அழாமல் நடந்து வந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சண்முகப்பிரியாவைத் திரும்ப எடுக்கவேண்டும் என்பதை எங்கள் கோரிக்கையில் எழுதிச் சேர்த்தோம். நீதானா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் தூறல். சஸ்பென்ஷனில் இருந்த நானும் காளியண்ணனும் கேட்டுக்கு வெளியே நின்றோம். சைலோவில் மறுபடி பாளம் கட்டியிருந்தது. சூபர்வைசர் எங்கள் ஊர் ஆட்களைக் கூப்பிட்டார். மெஷினை நிறுத்துங்க, இறங்குறோம் என்றார்கள். நிறுத்த உத்தரவில்லை என்றார். ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தார்கள். தையல் வரிசையும் வந்தது. ரோட்டோரத்தில் ஈரத்தில் உட்கார்ந்தோம். பாப்பாயி நடுவில்.

நாங்கள் பயந்தது நடந்தது. மில்லுக்குள் தகரக் கொட்டகையில் குடியிருக்கும் பீகார் ஆட்களை மேனேஜர் எழுப்பிச் சைலோவுக்கு ஓட்டிப் போனார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. செல்லமுத்து எப்படிச் செத்தார் என்று அவர்களிடம் யாரும் சொன்னதும் இல்லை; குடித்து விழுந்தார் என்பதுதான் அவர்கள் கேட்டது. மில் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நாங்கள் தமிழில் கத்தினோம். ஏணியில் கால் வைத்தவன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் விளங்காமல் மேலே ஏறினான்.

அப்போது பஸ்ஸிலிருந்து சண்முகப்பிரியா இறங்கினாள். வடக்கத்தி மக்காச்சோள வியாபாரிகளிடம் தினமும் போனில் இந்தியில் பேசியவள். கூட்டத்தைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்த தாள்களை வாங்கினாள்.

"தள்ளுங்கக்கா, நான் சொல்றேன்."

கம்பிக்கு முகத்தைக் கொடுத்து முதல் மின்னஞ்சலை இந்தியில் உரக்கப் படித்தாள். வாட்ச்மேன் அவளைத் தள்ள வந்தான். எங்கள் பெண்கள் இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டார்கள். ஓடும் ஸ்குரூவில் ஆளை இறக்கச் சொன்ன வரியை அவள் மறுபடி படித்தாள். பிறகு மூன்றாவதை.

ஏணியில் இருந்தவன் நின்றான். கீழே இருந்தவர்கள் அவனிடம் ஏதோ கேட்டார்கள். அவன் சைலோவின் வாயைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான். ஒரு படி இறங்கினான். மேனேஜர் கத்தினார். இன்னொரு படி இறங்கி, அவரிடம் ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றானுங்க?" என்று பாப்பாயி எழுந்து வந்து கேட்டார்.

"பந்த் கரோங்கறான் ஆத்தா" என்றாள் சண்முகப்பிரியா. "மெஷினை நிறுத்துன்னு."

பாப்பாயி அந்தச் சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, இந்தியிலேயே கத்தினார். நாங்களும் கத்தினோம்.