வயிற்றில் ஒன்பது புள்ளிகள்

நான் ஒரு தொழிற்சாலையின் வாசல் காவலாளி. சேர்ந்த முதல் வாரத்திலேயே முதலாளியை அடையாள அட்டை கேட்டுக் கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தவன். அதனால் என் மகளுக்கு முட்டை ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரம்மா விளக்கியபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க. அவங்க கிருமியைத்தான் பிடிக்கணும். உங்க பொண்ணுக்கு முட்டையைத் திருடன்னு நினைச்சு ஊரையே கூட்டிடறாங்க. அதான் உடம்பு தடிக்குது, மூச்சு இரைக்குது."

"என் பொண்ணாச்சே டாக்டர்!" என்றேன் பெருமையாக. மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

இரண்டு வயதில் ஒரு வாய் முட்டைக்கு முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்தவள் எங்கள் வாண்டு. இப்போது வயது ஏழு. பள்ளியில் அவளுக்கென்று சாப்பாட்டுக்குத் தனி மேசை. இந்த வருடம் கையில் மருந்துத் துளிகள் வைத்துச் செய்த பரிசோதனையில் காவல்காரர்களின் கோபம் தணிந்திருப்பது தெரிந்ததும், "ஆஸ்பத்திரியிலயே வச்சு முட்டை குடுத்துப் பாத்துடலாம். சில பிள்ளைங்களுக்கு வளர வளர சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா.

அந்த நாளும் வந்தது. வாண்டு கட்டிலில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் அவசர ஊசி தயாராக இருந்தது. முதலில் மிளகளவு முட்டை, இருபது நிமிடம் கழித்துப் பட்டாணியளவு. நடுவில் நான் அவள் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னை ஏம்ப்பா திருடி மாதிரி பாக்கறே?" என்றாள். பாத்ரூம் போனாள், வந்தாள், மூன்றாவது துண்டையும் தின்றாள்.

நர்ஸ் வந்து சட்டையைத் தூக்கினார். வயிறெங்கும் சிவப்புப் புள்ளிகள்!

நான் துள்ளி எழுந்தேன். நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டே குரல் கொடுத்தார். ஓடி வந்த டாக்டரம்மா குனிந்து பார்த்தார். புள்ளிகள் மூன்று மூன்றாக வரிசை பிசகாமல் நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண் இருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தார். எட்டாம் நம்பர் அழிந்துபோனது.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான், பாத்ரூம்ல. போன தடவை கையில மருந்து வைக்கறதுக்கு முன்னாடி நீங்கதானே பேனாவால புள்ளி வச்சு நம்பர் போட்டீங்க? இன்னைக்கு முட்டை வயித்துக்குத்தானே போகுது? உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு நானே போட்டுட்டேன்."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது. நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. "அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கு!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் முழு முட்டையும் உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தடிப்பு இல்லை, இரைப்பு இல்லை. காவல்காரர்கள் ஒரு வழியாகக் கதவைத் திறந்துவிட்டார்கள். டாக்டரம்மா, "இனிமே சாப்பிடலாம்" என்றதும் அவருக்கு ஒரு சல்யூட் அடித்தேன். நர்ஸுக்கு ஒன்று, கட்டிலுக்கும் ஒன்று.

வாண்டு மூக்கைச் சுருக்கினாள். "முட்டை நல்லாவே இல்ல. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நாளைக்கு எல்லாரும் உக்கார மேசையில நானும் உக்காரலாமா?"

"உக்காரலாம்டா."

"ஓரத்துலயா?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"நட்ட நடுவுல" என்றேன்.