இரண்டு ஜோடி ஹெட்டும் ஒரு மச்சினனும்

மீட்டர்காரருக்குச் சந்தேகம் என்பது சோறு போடுகிற குணம். வீடு வீடாகப் போய், மின்சார மீட்டரின் சீலை யாராவது உடைத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் இருபது வருஷமாக அவருடைய உத்தியோகம். வீட்டுக்கு வந்த பிறகாவது மனுஷன் அந்தக் கண்ணைக் கழற்றி வைப்பாரா என்றால், அதுதான் கிடையாது. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்கு அனுப்புவார்.

அப்பேர்ப்பட்டவர் தன் எட்டு சிலிண்டர் காரின் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய மெக்கானிக் மச்சினன் கையில் கொடுத்தார் என்றால், அது மனைவியின் சாமர்த்தியம். மூன்று வருஷத்துக்கு முன்பு, புது கார்புரேட்டரை அமுக்கிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டான் என்று மச்சினனின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வீண் பழி. அன்றைக்குப் போனவன் வாசற்படி மிதிக்கவே இல்லை. அக்காக்காரி நடையாய் நடந்து, இப்போதுதான் அவனைக் கூட்டி வந்திருக்கிறாள்.

“எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவன் மறுபடியும் மூஞ்சியத் தூக்கிட்டுப் போற மாதிரி ஏதாவது பேசினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

அவரும் பேசுவதில்லை என்றுதான் இருந்தார். கார் ஷெட்டில், பெஞ்சின் மேல் இரண்டு ஜோடி ஹெட்டைப் பார்க்கிற வரைக்கும்.

ஹெட் என்றால் எஞ்சினின் மேல்மூடி; எட்டு சிலிண்டரும் பக்கத்துக்கு நாலாக நிற்பதால் பக்கத்துக்கு ஒரு ஹெட். காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் அதிலுள்ள துளைகள் வழியாகத்தான். அவர் ஆசைப்பட்டு வரவழைத்தது பளபளவென்ற புது ஜோடி. துளை ஒவ்வொன்றிலும் குழந்தையின் கை போய் வரும். மச்சினன் தன் பட்டறையிலிருந்து தூக்கி வந்தது பழைய ஜோடி, துளையும் சிறியது.

“மாமா, உங்க புதுசு ரேஸுக்கு ஆகும், ரோட்டுக்கு ஆகாது. துளை பெருசா இருந்தா காத்து சோம்பேறித்தனமா வரும். சிக்னல்ல கிளம்புறப்ப வண்டி இழுக்காது. இதைப் போடுங்க, மிதிச்ச உடனே பிடுங்கிட்டுப் போகும்.”

“இது என்ன விலை மாப்ள?”

“விலையாவது ஒண்ணாவது. சும்மா கிடக்குது, வெச்சுக்கோங்க.”

அங்கேதான் இடித்தது. புதுசு வேண்டாம் என்கிறான், பழசைச் சும்மா தருகிறேன் என்கிறான். உலகத்தில் எந்த மெக்கானிக் இப்படிப் பேசுவான்? மச்சினன் அளவு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து இரண்டு ஜோடித் துளைக்குள்ளும் மண்ணெண்ணெய் ஊற்றி, பழசு எவ்வளவு குறைவாகக் கொள்கிறது என்று காட்டினான். அவரே குனிந்து அளவைப் படித்தார். சொன்னது சொன்னபடி இருந்தது. அப்படி இருந்ததும் அவருக்கு உறுத்தியது.

சரி என்று தலையாட்டிவிட்டு, சாப்பிடும்போதெல்லாம் மனைவியிடம் முனகினார். “பழசை எதுக்கு சும்மா தரான்? எங்கயோ விரிசல் விட்டதா இருக்கும். நம்ம தலையில கட்டப் பாக்கறான்.” அவள் காதில் வாங்காத மாதிரி பாத்திரத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மச்சினன் பழைய ஹெட்டை மாட்டி இறுக்கிவிட்டான். போச்சு! அடிப்பக்கத்தைப் பார்க்கவே விடவில்லையே என்று அவர் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் அக்காவும் தம்பியும் எஞ்சினுக்கு வாட்டர் பம்ப் வாங்கக் கடைக்குப் போனார்கள். மச்சினனின் பைக் தெருமுனை திரும்பியதும் ஸ்பானரை எடுத்துவிட்டார்.

ஒரு பக்கத்து ஹெட்டை மட்டும் கழற்றித் திருப்பி, டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். விரிசல் இல்லை, வெல்டிங் இல்லை. தங்கமான வேலை. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. நல்ல பையனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று மனசு நிஜமாகவே இளகியது. ஹெட்டுக்கும் கீழே எஞ்சின் உடம்புக்கும் நடுவில், குளிர்விக்கிற தண்ணீர் ஆயிலில் கலக்காமல் அடைக்கிற கேஸ்கெட் தகட்டையும் எடுத்துப் பார்த்தார். கிழியவில்லை, மடங்கவில்லை. அவர் உத்தியோகத்தில் கிழியாத சீல் நல்ல சீல். அதையே திரும்ப வைத்து, மச்சினன் சுவரில் ஒட்டியிருந்த வரிசைப்படியே போல்ட்டுகளை இறுக்கி, கையைக் கழுவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கிளப்பினார்கள். அடேயப்பா, என்ன சத்தம்! மீட்டர்காரர் சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். பத்து நிமிஷம்தான். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது, சூட்டு முள் மேலே ஏறியது. மச்சினன் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினான். ஆயிலைத் திறந்துவிட்டால், தண்ணீர் கலந்து பால் காப்பி மாதிரி வந்தது.

அவன் ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட்டை எடுத்து வெயிலில் பிடித்தான். அதில் அழுந்திய தடம் இரண்டு இருந்தது, ஒன்றை விட்டு ஒன்று நூலளவு விலகி. ஒரு முறை இறுக்கி நசுங்கிய கேஸ்கெட் மறுபடி பிடிக்காது. ஹெட்டைக் கழற்றினால் புதுக் கேஸ்கெட்தான் போட வேண்டும். மச்சினன் திரும்பி அவரைப் பார்த்தான். அவர் சுவரில் ஒட்டியிருந்த வரிசையைப் பார்த்தார்.

மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். “என்னடா ஆச்சு?”

“தண்ணி உள்ள இறங்கிடுச்சுக்கா.”

“விரிசல் விட்டதுதானே அது? அதான் சும்மா குடுத்தியா?”

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. மச்சினன் அக்காவைப் பார்த்தான், அப்புறம் மாமாவைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

“ஹெட்டு நல்ல ஹெட்டுதான். கேஸ்கெட்டைத்தான் சரியாப் பாக்காம போட்டுட்டேன். என் தப்புதாங்க்கா.”

மீட்டர்காரருக்குப் பொறுக்கவில்லை. “அவன் மேல தப்பில்ல. நீங்க கடைக்குப் போனப்ப நான்தான் கழட்டிப் பாத்தேன்.”

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க ஒரு தப்பை ஒத்துக்கிட்டு நான் பாத்ததில்ல. இப்ப இவனுக்குப் பரிஞ்சு பொய் சொல்றீங்களா?”

“சத்தியமா நான்தான்.”

“போதுங்க. நீங்க அப்பலேர்ந்து சொல்லிட்டேதான் இருந்தீங்க. நான்தான் தம்பி தம்பின்னு நம்பிட்டேன்.” அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மச்சினன் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். மீட்டர்காரர் கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினார். “மாப்ள, இரு. அவகிட்ட நான் எல்லாத்தையும் விளக்கமாச் சொல்றேன்.”

“சொல்லுங்க மாமா,” என்றான் அவன், பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு. “அக்கா நம்பினா, எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க.”