ஒன்பதாம் கட்டிலில் ஒரு பிரேக்

அன்று மதியத்துக்குள் ஒரு நோயாளிக்காவது நான் ஊசி போட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் என் தோழிகள் எல்லாரும் குழந்தைகள் வார்டுக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் இதே ஆண்கள் வார்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நர்சிங் கல்லூரியில் பொம்மைத் தொடையில் குத்தும்போது நான்தான் ராணி. பொம்மைதான் வாயைத் திறக்காதே! இங்கே எனக்கு வாய்த்தவர் ஒன்பதாம் கட்டில்காரர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் தொடையில்தான் ஊசி.

என்னைப் பார்த்ததுமே, “கத்துக்குட்டிங்க யாரும் எம்மேல கை வைக்கக் கூடாது,” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “சார், உங்களுக்குச் சோறு போடுறதே கத்துக்குட்டிங்கதானே?”

என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொள்ளும். வார்டு சிஸ்டர் முறைத்தார். பக்கத்துக் கட்டில்காரர் குபீரென்று சிரித்துவிட்டார். மாஸ்டரும் எவ்வளவு நேரம்தான் விறைப்பாக இருப்பார்?

“சரி, போட்டுத் தொலை!”

மருந்தை ஏற்றி, தொடையைத் துடைத்து, ஊசியைக் கிட்டே கொண்டுபோனேன். அவருடைய வலது கால் வெடுக்கென்று நீண்டு கட்டில் கம்பியை மிதித்தது. தொடை கல்லாகிவிட்டது. நான் விலகினால் கால் தளர்ந்தது. நெருங்கினால் மறுபடி மிதி. எத்தனை வருடப் பழக்கமோ, பயம் வந்தால் மனிதர் பிரேக் பிடிக்கிறார்!

“இறுகின தொடையில குத்தாதே, ரொம்ப வலிக்கும்,” என்றார் சிஸ்டர். பொம்மைக்கு இந்தத் தொல்லை கிடையாது. குழந்தைகள் வார்டு கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். “வண்டி நின்னுடுச்சு சார். பிரேக்குல இருந்து கால எடுங்க.”

அவர் தன் காலைப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். வயிறு குலுங்கச் சிரித்தார். தொடை இளகியது. சிரிப்பு அடங்கியதும், அது மறுபடி இறுகுவதற்குள் போட்டுவிட்டேன்.

“அவ்வளவுதானா?” என்றார், ஏமாந்துபோனவர்போல.

எனக்கு இந்த வேலை வரும் என்று அந்த நிமிடம்தான் நம்பினேன். அந்த வார்டையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“நீ பாஸ். நாளையிலிருந்து குழந்தைங்க வார்டு,” என்றார் சிஸ்டர்.

“சிஸ்டர், இன்னும் ஒரு வாரம் நான் இங்கேயே இருக்கட்டுமா?”

சிஸ்டர் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தார்.