மூன்றாம் அறிவித்தல்

ஜசிந்தா செத்துப் பத்து வருடமாகிவிட்டது என்று பங்குச் சுவாமிக்குக் கடிதம் வந்திருந்தது. சுவாமி அதைச் செத்தவளிடமே வாசித்துக் காட்டினார்.

அது உண்மைதானா என்று கேட்டு எழுதியவர் வன்னிக் கரையில் ஒரு பங்கின் சுவாமி. தொண்ணூற்றாறில் "நீ முதல் ஊருக்குப் போ, நான் வலையளை வித்துப்போட்டு வாறன்" என்று மனைவியை வள்ளத்தில் ஏற்றிவிட்ட அமலதாஸ், அங்கே இன்னொருத்தியைக் கட்டப் போகிறான். கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். இரண்டு ஞாயிறு முடிந்துவிட்டது. மூன்றாவது, இரண்டாயிரத்தாறு ஓகஸ்ட் பதின்மூன்று. தடையோ ஊர்காவற்றுறையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தது.

"நீர் உயிரோடை இருக்கிறீர் எண்டு நான் ஒரு கடிதம் எழுதினால் விசயம் முடிஞ்சுது," என்றார் சுவாமி.

"அப்பிடி லேசா முடியக்கூடாது, சுவாமி."

அவன் கடலில் போனானோ ஷெல்லில் போனானோ என்று வெள்ளி தவறாமல் மெழுகுதிரி கொளுத்தியவள் அவள். அந்த மெழுகுதிரிகளை நினைக்க நினைக்க வயிறு பற்றி எரிந்தது. கடிதம் போனால் அந்தச் சுவாமி அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கண்டிப்பார், அவன் தலையைச் சொறிவான், அவ்வளவுதான். கோயில் நிறையச் சனம் இருக்க, கழுத்தில் தாலிக்கொடியோடு எழுந்து நின்று அவன் முகம் செத்துப்போவதைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

தங்கை மேரிசுகந்திதான் குறுக்கே நின்றாள். ஐந்து வருடத்துக்கு முன் வன்னியிலிருந்து வவுனியா, திருகோணமலை என்று சுற்றிக் கப்பலில் வந்து சேர்ந்தவள்; அத்தானை அங்கே காணவேயில்லை என்றவள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே சட்டிச் சோறு.

"கண்டி ரோட்டிலை நாளுக்கொரு கிளைமோர் குண்டு வெடிக்குது, அக்கா. அந்த நாயின்ரை முகத்தைப் பாக்க உயிரைக் குடுக்கப் போறீங்களோ?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. வன்னிக்குப் போகும் பாதை முகமாலைச் சோதனைச்சாவடியில் எந்த நேரமும் பூட்டுப்படலாம் என்று ஊரே பேசியது. ஜசிந்தா இரண்டு நாளாகப் பைக்குள் சீலையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். செவ்வாய்க்கிழமை பயம் வென்றுவிட்டது. கடிதமே போதும் என்று சொல்லப் புதன் காலை கோயிலுக்குப் போனாள்.

சுவாமியின் மேசையில், வந்த கடிதத்தோடு இணைத்திருந்த இரண்டாவது தாள் கிடந்தது. ஜசிந்தா இறந்துவிட்டாள் என்பதற்கான உறுதிமொழி அது. இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு, தங்கை வன்னியை விட்டு வெளிக்கிடுவதற்கு ஒரு கிழமை முந்திய திகதி. சாட்சிகள் இரண்டு பேர். முதற்பெயர் யாரோ. இரண்டாவது மேரிசுகந்தி.

"இதை ஏன் சுவாமி எனக்குக் காட்டேல்லை?"

"வீட்டுக்குள்ளை சண்டை வேண்டாம் எண்டுதான்."

தங்கை குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜசிந்தா கையோடு கொண்டுவந்த தாளை முன்னால் வைத்தாள். கத்தி நின்றது.

"வன்னியை விட்டு வெளிக்கிட அத்தான்தான் எனக்கு இயக்கத்திட்டைப் பாஸ் எடுத்துத் தந்தவர். கையெழுத்து வைச்சால்தான் தருவன் எண்டார். வேறை வழி இருக்கேல்லை, அக்கா."

"இஞ்சை வந்த பிறகு வாய் இருந்ததுதானே."

தங்கை அழுதாள். ஜசிந்தாவுக்கு இரக்கம் வரவில்லை. ஐந்து வருடமாக வெள்ளிக்கிழமைகளில் மெழுகுதிரிக்குத் தீப்பெட்டி எடுத்துத் தந்தவளும் இவள்தான்.

"வெளிக்கிடு. என்ரை சாவுக்கு நீ சாட்சி. நான் உயிரோடை எழும்பி நிக்கேக்கையும் நீ பக்கத்திலை நிக்கவேணும்."

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"கிடக்கட்டும். வராட்டில் இந்தத் தாளை இஞ்சத்தைக் கோயிலிலை வாசிப்பிப்பன்."

வியாழக்கிழமை இருவரும் முகமாலையைக் கடந்தார்கள். வெள்ளிக்கிழமை சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. அமலதாசின் பங்குக் கோயில் வளவில் அந்தச் செய்தியைக் கேட்ட தங்கை அப்படியே மணலில் குந்திவிட்டாள்.

"இனித் திரும்பிப் போக ஏலாது, அக்கா."

ஜசிந்தா தாலிக்கொடியைச் சீலைக்கு வெளியே எடுத்துவிட்டாள்.

"அந்தாளும் இனி எங்கையும் ஓட ஏலாது," என்றாள்.